கால் படாத தண்ணீர்

(தோட்டத் தாய்மாரும் இளைஞரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் பேசப் பார்க்கிறோம்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் குடிதண்ணீர். "நாலு பக்கமும் ஓடை ஓடுற மலையில இருக்கிறோம், எங்களுக்குத் தண்ணியைப் பத்தி என்ன பேச்சு?" என்று யாராவது நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களுக்காகத்தான் ஓடையே இல்லாத ஓர் ஊரின் கதையைக் கொண்டு வந்திருக்கிறோம். அங்கே தண்ணீர் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் நோய் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள், மருந்தும் இல்லாமல் தடுப்பூசியும் இல்லாமல், தண்ணீரைச் சுத்தமாக்கியே அந்த நோயை அடியோடு விரட்டினார்கள். எப்படி விரட்டினார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

மழை பெய்யாத மண்

இந்தியாவின் வடமேற்கு மூலையில் ராஜஸ்தான் மாநிலம் இருக்கிறது. அதன் மேற்குப் பக்கம் முழுவதும் தார் பாலைவனம். எல்லை தாண்டிப் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் அது தொடர்கிறது. ஜோத்பூர், பிக்கானேர், பார்மேர், ஜெய்சல்மேர் என்பவை அங்கே உள்ள மாவட்டங்கள். பாலைவனம் என்றால் ஆள் இல்லாத மணல்காடு என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தில் மக்கள் நெருக்கமாக வாழும் பாலைவனங்களில் தாரும் ஒன்று. கம்பு விதைக்கிறார்கள். ஆடு, மாடு, ஒட்டகம் வளர்க்கிறார்கள். நம்மைப் போலப் பிள்ளை குட்டியோடு குடும்பம் நடத்துகிறார்கள்.

மழையின் கணக்கைப் பாருங்கள். நுவரெலியாவில் வருஷத்துக்குச் சுமார் 1,900 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. வட்டவளைப் பக்கம் 4,000ஐயும் தாண்டும். ஜெய்சல்மேரில் 200 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைவு. அதுவும் வருஷம் முழுக்கப் பெய்வதில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை உள்ள மாதங்களில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். சில வருஷம் அதுவும் இல்லை. கோடையில் வெயில் 50 பாகை செல்சியஸை எட்டிப் பார்க்கும்.

கிணறு வெட்டினால் பல இடங்களில் 60, 70 மீற்றர் இறங்க வேண்டும். அவ்வளவு ஆழத்தில் இருந்து கையால் இழுக்க முடியாது. தோல் வாளியைக் கயிற்றில் கட்டி, ஒட்டகத்தையோ மாட்டையோ பூட்டித்தான் இழுப்பார்கள். இழுத்துப் பார்த்தால் தண்ணீர் உப்புக் கரிக்கும். நெய் கொட்டினால் போகட்டும், தண்ணீர் கொட்டினால்தான் நெஞ்சு எரியும் என்ற கருத்தில் அங்கே ஒரு சொல்வழக்கே இருக்கிறது.

தண்ணீர் சுமப்பது பெண்களின் வேலை. தலையில் ஒரு குடம், அதற்கு மேல் இன்னொரு குடம். ஒரு குடத்தில் 15 லீற்றர் என்றால் 15 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 30 கிலோ. அதைச் சுமந்துகொண்டு சுடுமணலில் கிலோமீற்றர் கணக்கில் நடக்க வேண்டும். கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கி மலை ஏறும் நம் தாய்மாருக்கு அந்தப் பாரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தாய்க்கு முடியாத நாளில் குடம் மகளின் தலைக்கு மாறும். அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

நரம்புச் சிலந்தி

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்த தண்ணீரில்தான் அந்த நோய் இருந்தது. தமிழில் அதற்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். ராஜஸ்தானில் நாரு என்பார்கள். இளம் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் நம் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிமார் விட்டுவந்த தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இந்த நோய் இருந்தது. அவர்களும் அங்கே குளத்திலும் படி இறங்கும் கிணற்றிலும் மொண்டு குடித்தவர்கள்தான்.

இந்த நோய் வரும் வழி விசித்திரமானது. குளத்துத் தண்ணீரில் தெள்ளுப் போன்ற மிகச் சிறிய உயிர் ஒன்று மிதக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதன் வயிற்றுக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். வடிகட்டாமல் தண்ணீரைக் குடிக்கிறவர் அதையும் சேர்த்து விழுங்குகிறார். உள்ளே போன குஞ்சு உடம்புக்குள்ளேயே வளர்கிறது. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்கிறது. அதுவரை எந்த நோவும் தெரியாது. பிறகு ஒருநாள் காலில் கொப்புளம் போடும். நெருப்பை வைத்தது போல எரியும். கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போல ஒரு புழு தலை நீட்டும். அதன் நீளம் 60 சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை இருக்கும்.

அதை ஒரே இழுப்பில் இழுத்து எடுக்க முடியாது. அறுந்தால் கால் வீங்கிப் புண்ணாகிவிடும். ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். முழுப் புழுவும் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நிற்கவும் முடியாது, நடக்கவும் முடியாது. விதைப்புக் காலம் போன்ற வேலை மும்முரமான மாதங்களில்தான் பெரும்பாலும் இது வரும். வருஷத்தில் ஒரே ஒரு மழைக்காலம் உள்ள ஊரில், விதைக்கிற வாரத்தில் வீட்டுக்காரர் படுத்துவிட்டால் அந்த வருஷச் சாப்பாடே போச்சு. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் படுத்த காலமும் உண்டு.

முக்கியமான இடம் இனிமேல்தான். கால் எரிகிறவர் என்ன செய்வார்? எரிச்சல் தணிய ஓடிப்போய்க் காலைத் தண்ணீருக்குள் வைப்பார். தண்ணீர் பட்டதும் புழு இலட்சக்கணக்கான குஞ்சுகளை வெளியே விடும். அந்தச் சின்ன உயிர்கள் அவற்றைத் தின்னும். அடுத்த வீட்டுப் பெண் அதே இடத்தில் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு போவாள். அடுத்த வருஷம் அவள் வீட்டில் ஒரு கால் எரியும். ஒருவர் காலை நனைத்த தண்ணீர் இன்னொருவர் வாய்க்குப் போகிறது. நோய் முக்கியமாகப் பரவுவது இந்த வழியால்தான்.

ஆகவே அந்தக் காலுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு தடுப்பு விழுந்தால் போதும். நோய் செத்துவிடும்.

எப்படி ஒழித்தார்கள்?

இந்திய அரசாங்கம் 1983-84ஆம் ஆண்டில் நரம்புச் சிலந்தியை ஒழிக்கத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1984இல் கணக்கெடுத்தபோது ராஜஸ்தான், தமிழ்நாடு உட்பட நோய் கண்டறியப்பட்ட மாநிலங்கள் 7. நோயாளர் சுமார் 40,000 பேர். நோய் இருந்த கிராமங்கள் கிட்டத்தட்ட 13,000. தமிழ்நாட்டில் 1980களிலேயே புதிய நோயாளர் இல்லாமல் போய்விட்டார்கள். கடைசி வரை பிடிவாதமாக நின்றது ராஜஸ்தான்தான்.

அங்கே செய்த வேலைகளைக் கேட்டால், "இவ்வளவுதானா?" என்று தோன்றும்.

முதலாவது, துணி. மெல்லிய துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். பிறகு நைலோன் வலையும் வந்தது. நோயைச் சுமக்கும் அந்தச் சின்ன உயிர் துணியில் தங்கிவிடும்.

இரண்டாவது, படி. படி இறங்கித் தண்ணீரில் நின்று குடம் முக்கும் கிணறுகளை, மேலே நின்று வாளியால் இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். சுற்றிலும் கட்டு எழுப்பினார்கள். யாருடைய காலும் தண்ணீரில் படாது.

மூன்றாவது, கைப்பம்பு. நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் உள்ள இடங்களில் குழாய்க்கிணறு தோண்டிக் கைப்பம்பு பூட்டினார்கள். 1970களில் இந்தியாவில் உருவான மார்க் 2 என்ற இரும்புப் பம்பு இதற்கு மிகவும் உதவியது.

நான்காவது, குளத்தில் அளவோடு மருந்து இடுவது. அந்தச் சின்ன உயிரைக் கொல்லும், குடிக்கிறவருக்குக் கெடுதல் செய்யாது.

ஐந்தாவது, வீடு வீடாகப் போய்க் கேட்பது. "இந்த வீட்டில் யாருக்காவது புழு வந்திருக்கிறதா?" வந்திருந்தால் புண்ணைக் கழுவிக் கட்டி, "கால் ஆறும்வரை குளத்துப் பக்கம் போகாதீர்கள், உங்களுக்குத் தண்ணீர் மற்றவர்கள் கொண்டு வந்து தருவார்கள்" என்று சொல்லிவிட்டு வருவது.

இந்தப் பட்டியலில் விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் மனுஷர் கையால் நாள்தோறும் நடக்க வேண்டிய வேலை. துணியைக் கட்டுகிறவள் வீட்டுக்காரி. கிழிந்தால் மாற்றுகிறவளும் அவள்தான். கிணற்றைக் கட்டித் தருவது அரசாங்கம். அதில் மீண்டும் யாரும் இறங்காமல் பார்ப்பது ஊர். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்திருந்தால் நோய் போயிருக்காது.

இந்தியாவின் கடைசி நோயாளர் 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். அதற்குப் பிறகும் விட்டுவிடவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் தேடினார்கள். புதிய நோயாளரைப் பற்றித் தகவல் தருவோருக்குப் பணப்பரிசு தருவதாகவும் அறிவித்தார்கள். ஒருவரும் இல்லை. 2000 பெப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நரம்புச் சிலந்தி அற்ற நாடு என்று அறிவித்தது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக இந்திய மண்ணில் இருந்து ஒழிக்கப்பட்ட நோய் இதுதான். உலகக் கணக்கும் அப்படியே. 1980களின் நடுவில் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் சுமார் 35 இலட்சம் பேர் ஒவ்வொரு வருஷமும் இந்தப் புழுவால் துன்பப்பட்டார்கள். 2023இல் உலகம் முழுவதிலும் 14 பேர் மட்டுமே.

தண்ணீர் சுத்தமானதும் மாறியவை

நோய் போனதும் கிராமத்தில் என்ன மாறியது? விதைப்பு வாரத்தில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். காலில் கட்டோடு திண்ணையில் கிடந்த பிள்ளை பள்ளிக்கூடம் போனது. பம்பு பக்கத்தில் வந்த ஊர்களில் பெண்களுக்கு நடை மிச்சமானது. நடை மிச்சமானால் நேரம் மிச்சம். அந்த நேரத்தில் ஆடு பார்க்கலாம், தைக்கலாம், பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் உட்காரலாம். உட்காருவதும் ஒரு தேவைதான், இல்லையா அம்மாமாரே?

இன்னொரு மாற்றமும் நடந்தது. கைப்பம்பு வந்த புதிதில், பழுதானால் திருத்த நகரத்தில் இருந்து ஆள் வர வேண்டும். அவர் வரும்வரை ஊர் மீண்டும் பழைய குளத்துக்கே போகும். பழைய நோயும் திரும்பி வரும். ஆகவே ராஜஸ்தானின் தெற்கே உதய்பூர், டுங்கர்பூர், பான்ஸ்வாரா மாவட்டங்களில் கிராமத்துப் பெண்களுக்கே பம்பு திருத்தப் பழக்கினார்கள். அஜ்மேர் மாவட்டத்தில் திலோனியா என்ற ஊரில் 1972இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியும், அதிகம் படிக்காத கிராமத்து ஆட்களையே பம்பு மெக்கானிக்காகப் பயிற்றியது. முக்காடு போட்ட பெண்கள் ஸ்பேனரைப் பிடித்துக் குழாயைக் கழற்றிப் பூட்டினார்கள். முதலில் சிரித்தவர்கள் உண்டு. பம்பில் தண்ணீர் வந்தபோது சிரிப்பு நின்றது. தண்ணீர் எடுக்கிறவளுக்குத்தான் தண்ணீர் நின்றதன் வலி தெரியும். அவள் கையில் ஸ்பேனர் இருந்தால் பம்பு அதிக நாள் பழுதாய்க் கிடக்காது.

மழையைப் பூட்டி வைத்தவர்கள்

குழாய்க்கிணற்றில் உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் என்ன செய்வது? அங்கே பழைய காலத்து வழி ஒன்று இருக்கிறது. அதற்கு டாங்கா என்று பெயர். வீட்டு முற்றத்திலோ வயல் ஓரத்திலோ நிலத்துக்குள் வட்டமாகத் தோண்டி, உள்ளே சுண்ணாம்போ சீமெந்தோ பூசி, மேலே மூடி விடுவார்கள். சுற்றியுள்ள தரையை நாலு பக்கமும் சரிவாக இறுக்கித் தட்டி வைப்பார்கள். மழை பெய்தால் அந்தச் சரிவில் விழும் தண்ணீர் வலை போட்ட சின்னத் துவாரங்கள் வழியாக உள்ளே இறங்கும்.

ஜோத்பூரில் உள்ள வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் இந்தப் பழைய முறையை எடுத்து, 21,000 லீற்றர் கொள்ளும் திருத்திய டாங்கா ஒன்றை வடிவமைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் உள்ள வீடு, ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 10 லீற்றர் என்றால் வருஷத்துக்கு 21,900 லீற்றர். ஏறக்குறைய ஒரு வருஷத் தேவை அந்த ஒரு குழிக்குள் இருக்கிறது.

இந்தத் தண்ணீர் கெடாமல் இருப்பதற்குக் காரணம் கட்டடம் மட்டும் அல்ல, ஒழுங்கும்தான். சரிவுத் தரையில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. ஆடு மாடு ஏறக் கூடாது. யாரும் அசுத்தம் செய்யக் கூடாது. மழைக்காலத்துக்கு முன்னால் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மூடிக்குப் பூட்டும் போடுவார்கள். நம் ஊரில் நகைப் பெட்டிக்குப் போடுகிற பூட்டு அங்கே தண்ணீருக்கு.

வாய்க்கால் சொன்ன பாடம்

"அரசாங்கம் பெரிய ஆறு ஒன்றைத் திருப்பிவிட்டால் தீர்ந்துவிடுமே?" என்று தம்பிமார் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். பஞ்சாபில் சட்லஜ், பியாஸ் ஆறுகள் சேரும் ஹரிகே என்ற இடத்தில் இருந்து பாலைவனத்துக்கு ஒரு பெரிய வாய்க்கால் வெட்டும் வேலை 1958இல் தொடங்கியது. பிற்காலத்தில் அதற்கு இந்திரா காந்தி வாய்க்கால் என்று பெயர் வைத்தார்கள். 1987இல் அதன் தண்ணீர் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டியது. இலட்சக்கணக்கான ஏக்கர் விளைந்தது. எத்தனையோ ஊர்களுக்குக் குடிக்கவும் தண்ணீர் கிடைத்தது. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் திறந்த வாய்க்காலில் வந்த தண்ணீரைச் சுத்திகரிக்காமல் குடிக்க முடியவில்லை. வடிகால் சரியில்லாத இடங்களில் தண்ணீர் தேங்கி நிலம் உவர் ஆனது. நுளம்பும் பெருகியது. 1994இல் மேற்கு ராஜஸ்தானில் மலேரியா கடுமையாகப் பரவி உயிர்கள் போயின. அந்த வருஷம் மழையும் வழக்கத்துக்கு மேல் கொட்டியது. முன்பு தண்ணீர் இல்லை என்று அழுத ஊர்கள், அப்போது தேங்கிய தண்ணீரால் அழுதன.

தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் வாழ்க்கை நல்லதாகிவிடாது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வழியில் எதைத் தொடுகிறது, கடைசியில் எங்கே போகிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. தெளிவாக இருக்கும் தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. ராஜஸ்தானின் பல கிணறுகளில் புளோரைட்டு என்ற உப்பு அளவுக்கு மேல் இருக்கிறது. ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைச் சின்ன வயதில் இருந்து குடித்தால் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை விழும். அளவு மிகவும் கூடினால், பல வருஷம் குடிக்கும்போது எலும்பே வளையும். நம் நாட்டிலும் அனுராதபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் இந்தத் தொல்லை உண்டு. இது துணியில் நிற்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீரைப் பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். டாங்காவில் சேரும் மழைத் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை என்பது அதன் இன்னொரு நன்மை.

நமக்கு என்ன?

இப்போது நம் பீலிக்கரைக்கு வருவோம். நமக்கு நரம்புச் சிலந்தி இல்லை. ஆனால் வயிற்றோட்டம் இருக்கிறது, நெருப்புக் காய்ச்சல் இருக்கிறது, செங்கண்மாரி இருக்கிறது. இவையும் அதே வழியில்தான் வருகின்றன. ஒருவர் கழித்தது இன்னொருவர் வாய்க்குப் போகிறது. பாலைவனத்தில் காலும் தண்ணீரும் சேர்ந்தன. இங்கே கக்கூசும் ஓடையும், மாட்டுத் தொழுவமும் ஊற்றும் சேர்கின்றன.

நம் பெரியவர்களுக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. தமிழ்நாட்டில் இருந்து வந்து, காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்த காலத்தில் வாந்திபேதி அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. வழியில் கிடைத்த கெட்ட தண்ணீர்தான் அதற்குப் பெரிய காரணம். அந்தத் தண்ணீரைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் நாம்.

கணக்கும் நமக்குத் தெரிந்ததுதான். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் தாய்க்கு அன்றைக்குப் பேர் இல்லை. இல்லாவிட்டால் அரைப் பேர். மூன்று நாள் நீடித்தால் மூன்று பேர் போகிறது. பஸ் கூலி தனி, மருந்துச் செலவு தனி. கெட்ட தண்ணீர் இலவசமாகக் கிடைப்பது போலத் தெரியும். அதன் விலையைச் சம்பள நாளில்தான் நாம் கொடுக்கிறோம்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல விரும்புகிறோம். தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது, அதனால்தான் நோய் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். அது நியாயம் இல்லாத பேச்சு. ஐம்பது குடும்பத்துக்கு ஒரு பீலி, மூடியில்லாத தொட்டி, உடைந்த குழாய் என்று இருந்தால் எந்தச் சுத்தக்காரரும் நோயாளி ஆவார். ராஜஸ்தானில் பெண்கள் துணி கட்டினார்கள் என்பது உண்மை. கிணற்றுக்குக் கட்டு எழுப்பியதும் பம்பு பூட்டியதும் அரசாங்கமும் உதவி நிறுவனங்களும் என்பதும் உண்மை. நல்ல தண்ணீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலையில் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியாவில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய திட்டமும் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லீற்றர் தண்ணீரை வீட்டுக் குழாயில் தருவதைத்தான் இலக்காக வைத்தது. ஆகவே ஊற்றுக்குக் கட்டு, தொட்டிக்கு மூடி, குளோரின், வருஷத்தில் சில தடவையாவது தண்ணீர்ப் பரிசோதனை என்று கேட்பது பிச்சை அல்ல. கேட்க வேண்டிய இடத்தில், எழுத்தில், நாள் குறித்துக் கேட்க வேண்டும். அந்தக் கடிதம் எழுத நாங்கள் கூட இருப்போம்.

அதே நேரம், மூடி போட்டுத் தந்த தொட்டியைத் திறந்து அதற்குள் வாளி முக்குவதும், வடிகட்டியைக் கழற்றி வைப்பதும் நம் கையில் நடக்கும் வேலை. டாங்காவுக்குப் பூட்டுப் போட்ட அந்த ஏழை விவசாயியிடம் நாம் கற்க வேண்டியது அது.

வீட்டில் செய்யக் கூடியதும் உண்டு. துணியில் வடிகட்டினால் புழு நிற்கும், தூசி நிற்கும். வயிற்றோட்டக் கிருமி நிற்காது, அது அவ்வளவு சிறியது. ஆகவே குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல் பிடியுள்ள அகப்பையால் எடுங்கள். கக்கூசுக்குப் போய் வந்ததும், பிள்ளையைக் கழுவிவிட்டதும், சமைக்கும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். "விறகுக்கு எங்கே போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலில் சின்னப் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணித் தாய்க்கும், நோயாளிக்கும் கொதித்த தண்ணீர் என்று ஆரம்பியுங்கள். சோறு வடித்த அடுப்பின் சூட்டிலேயே கேத்தலை வைத்துவிடலாம்.

மழையையும் மறக்க வேண்டாம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு லயக் காம்பராவின் கூரை 20 சதுர மீற்றர் என்று வையுங்கள். நுவரெலியா மழையில் வருஷத்துக்கு அதில் விழுவது 38,000 லீற்றர். பாதி சிதறிப் போனாலும் 19,000 லீற்றர் மிச்சம். பாலைவனத்தில் ஒரு குடும்பம் ஒரு வருஷம் உயிர் வாழ வைத்திருக்கும் தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமம். நாம் அதைக் கானில் ஓட விடுகிறோம். ஒரு பீலித் தகரமும் மூடியுள்ள பீப்பாயும் இருந்தால், துவைக்கவும் கழுவவும் ஆகும் தண்ணீராவது வாசலிலேயே கிடைக்கும். முதல் மழையில் கூரை அழுக்கு வரும், அதை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். பீப்பாயை மூடி வைக்காவிட்டால் டெங்கு நுளம்பு முட்டையிடும், அதையும் மறக்காதீர்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, ஒவ்வொரு லயத்தில் இருந்தும் இரண்டு தாய்மாரும் இரண்டு இளைஞரும் வாருங்கள். பீலியில் தொடங்கிக் குழாய் போகும் வழியே மேலே ஊற்று வரைக்கும் நடப்போம். குழாய் எங்கே உடைந்திருக்கிறது, தொட்டிக்கு மூடி இருக்கிறதா, ஊற்றுக்கு மேலே கக்கூசோ தொழுவமோ மருந்து அடிக்கும் மலையோ இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுவோம். நாம் திருத்தக் கூடியதை அன்றைக்கே திருத்துவோம். மற்றவர்கள் திருத்த வேண்டியதைக் கடிதமாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி கொடுப்போம்.

ஜோத்பூர் மாவட்டத்தில் கடைசிப் புழு வெளியே வந்த அந்தக் காலுக்குப் பிறகு, அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நோய் எப்படி இருக்கும் என்றே தெரியாது. நம் பிள்ளைகளும் ஒருநாள், "வயித்தோட்டத்துக்காகவா ஆஸ்பத்திரியில படுத்தீங்க?" என்று நம்மைப் பார்த்து ஆச்சரியமாகக் கேட்க வேண்டும். அந்த நாளுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை நடை.